அலமேலுவின் குதிகால்

மாலை ஐந்தேகால் மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. விலங்குத் தோட்டத்து மருத்துவமனையின் முற்றத்தில், கமலி என்னும் பூனை நடன வகுப்பைத் தொடங்கினாள்.

“இங்கே விரல்நடையினருக்கு மட்டுமே இடம். குதிகால் தரையில் படாமல் விரலூன்றி நடப்பவர் என்று பொருள்.”

கரடி ரங்கன் தன் சுவட்டைப் பார்த்தான். ஈர மண்ணில் குதிகால் அழுத்தமாகப் பதிந்திருந்தது. “சரி, நான் தாளம் போடுகிறேன்” என்று ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டான்.

யானை அலமேலு தயங்கியபடி வந்தாள். குட்டியாக இருந்த நாள் முதலே அவளுக்கு ஆட ஆசை.

“நீங்களா, அக்கா? முற்றம் தாங்குமா?” என்று கமலி சிரித்தாள்.

அலமேலு வந்த வழியே திரும்பினாள்.

“நில்லுங்கள், அக்கா!” ரங்கன் சன்னலைக் காட்டினான். கால்வலிக்காக அவளுக்கு எடுத்த எக்ஸ்ரே படம் அங்கே தொங்கியது. “கமலி, நன்றாகப் பார். தரையை ஒட்டி நிற்பவை விரல் எலும்புகள். குதிகால் எலும்போ மேலே, கொழுப்பு மெத்தையின்மேல் சொகுசாக இருக்கிறது.”

கமலி நெடுநேரம் பார்த்தாள். “இத்தனை காலமும் விரலூன்றியா நடந்தீர்கள்?”

“எனக்கே இப்போதுதானடி தெரியும்!”

அலமேலு சிரித்த சிரிப்பில் வாளி உருண்டது. இருட்டும்வரை ஆடினார்கள்.

மறுநாள் காலை ரங்கன், ஆட்டத்தில் மிதிபட்டு நசுங்கிய வாளியைத் தட்டி நிமிர்த்தினான். கமலி வகுப்பை மைதானத்துக்கு மாற்றினாள். அலமேலு, உறங்கும் காவலாளியைக் கடந்து குளத்துக்கு நடந்தாள். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.