தோடம்பழ வாசப் போத்தல்

மேசையில் இரண்டு போத்தல்கள். எதை வாங்குவது என்று முடிவு சொல்ல வேண்டியவள் ஜீவராணி.

நுவரெலியாவிலுள்ள அந்த ஆய்வுகூடத்தில், நோயறிய வெட்டியெடுத்த சதைத் துணுக்குகளில் ஏறிய மெழுகைக் கரைத்தெடுப்பது அவள் வேலை. இத்தனை வருடமும் சைலீன் என்ற நெடி பிடித்த திரவம்தான் கரைத்தது. மெழுகோடு சேர்த்து அவள் மண்டையையும்.

இனி அந்தச் சனியன் வேண்டாம், ஆபத்துக் குறைந்த ஒன்றுக்கு மாறுவோம் என்று ஆய்வுகூடப் பொறுப்பு டொக்டர் சொல்லிவிட்டார்.

பரீட்சித்துப் பார்த்ததில் இரண்டுமே மெழுகைச் சுத்தமாக எடுத்தன. ஒன்றில், ஆரஞ்சுத் தோலை உரித்தது போல, தோடம்பழ வாசம் மூக்கைத் துளைத்தது. மற்றதில் வாசம் என்று எதுவுமே இல்லை.

"வாசமில்லாததையே எடுங்கக்கா. வீட்ல அண்ணனுக்கு நிம்மதியா இருக்கும்ல?" என்றாள் கூட வேலை செய்யும் சர்மிளா.

அண்ணன் என்றால் ஜீவராணியின் கணவன் கஜேந்திரன். இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். அரைத்த இலை பதத்துக்கு வந்ததா என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவான். சைலீன் வாடையோடு அவள் வீடு திரும்பினால், குளித்து முடிக்கும்வரை முற்றத்தின் அந்தக் கோடியில்தான் நிற்பான்.

அந்த வாடைதான் ஜீவராணிக்கு இவ்வளவு காலமும் காவல்.

காரணம், பஸ் ஸ்டாண்டுக் கடையில் தினமும் அவனுக்குத் தெரியாமல் அவள் குடிக்கும் கோப்பி.

கோப்பி குடிக்கிறவர்களின் நாக்குக்குச் சுரணையே கிடையாது என்று கல்யாணமான முதல் வாரமே அவன் தீர்ப்புச் சொல்லியிருந்தான். டீமேக்கரின் பெண்டாட்டி ஊர் பார்க்கக் கோப்பி குடிக்கிறாள் என்று தெரிந்தால் மானம் போகும். மானம் போனாலும் பரவாயில்லை, கோப்பி போய்விடும். நினைத்தபோதே அவளுக்கு அழுகை வந்தது.

வாசமில்லாத போத்தல் நிச்சயம் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தோடம்பழத்தின்மேல் கை வைத்தாள். சர்மிளா வாயைப் பிளந்தாள்.

புதுப் போத்தலைத் திறந்த நாள் சாயந்தரம், ஜீவராணி தலைவலியில்லாமல் வீட்டுக்கு வந்தாள். தோடம்பழக் கூடையைத் தலையில் கவிழ்த்தது போலக் கமகமவென்று இருந்தாள். வழக்கமான கோப்பியும் உள்ளே போயிருந்தது. இனி யாருக்குப் பயம் என்று படியேறினாள்.

கஜேந்திரன் முற்றத்தைத் தாண்டிப் பக்கத்தில் வந்தான். கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தான்.

"தோடம்பழம் பரவாயில்ல. ஆனா அந்தக் கடைக்காரன் கோப்பித்தூள மாத்திட்டான் போல, ஜீவா. போன மாசம் வரைக்கும் இவ்வளவு கருகல் இல்லையே?"