சகோதரி எப்சிக்காக

“அடுத்த விண்ணப்பம். சகோதரி எப்சிக்குக் கர்ப்பத்தின் கனி கிடைக்க ஜெபிப்போம்.” ஆயர் சீட்டைப் பார்த்து வாசித்தார். சபை முழுக்க “ஆமென்” என்றது. எப்சியின் மாமியார் சரோஜினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எப்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து ஓடிவிடலாமென்றால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மாமியார்.

ஒரு வாரமா, இரண்டு வாரமா? நாலு வருஷமாக, ஞாயிறு தவறாமல். கிழக்குத் தாம்பரத்தின் அந்தச் சின்ன ஆலயத்தில் ஜெபப் பெட்டி என்று ஒன்று உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிப் போட்டால் போதும், எழுதியது யார் என்று கேட்க மாட்டார்கள்.

விசாவுக்கு, ஆபரேஷனுக்கு, பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு என்று சீட்டுகள் வரும். காரியம் முடிந்ததும் நின்றுவிடும். எப்சியின் சீட்டுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. போன வருஷம் மாமியார் தெற்கே நாசரேத்தில் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்தார். அப்பாடா என்று இவள் மூச்சு விட்டால், அந்த மூன்று வாரமும் சீட்டு வந்தது. மொத்தமாக எழுதி யாரிடமோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மகராசி, என்ன ஒரு அக்கறை!

அதன் பலனை எப்சிதான் அனுபவித்தாள். ஆராதனை முடிந்ததும், “லேப்டாப்பை மடியில வெச்சுக்காதம்மா” என்பார் ஒருவர். “தத்து எடுத்துப் பாரேன், தன்னால தங்கும்” என்பார் இன்னொருவர். காட்டாங்குளத்தூரில் அவள் பாடம் நடத்தும் காலேஜ் ஸ்டாஃப் ரூமில்கூட, “உங்களுக்காக நாங்களும் ஜெபிக்கிறோம் மேடம்” என்று ஒரு குரல்.

இத்தனைக்கும் ஸ்கேன், ரத்தம், உயிர் போகிற மாதிரி வலித்த கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் அவள் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. கணவன் ஜோஸ்வினும் ஒருநாள் போய் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்தான். “எனக்கும் நார்மல்தான் எப்சி. கர்த்தர் நேரம் வரும்போது தருவார்” என்றான்.

ஜோஸ்வின் தங்கமான மனுஷன். காய் நறுக்கித் தருவான், அவள் துணியையும் சேர்த்து மடித்து வைப்பான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், “அம்மாகிட்ட எதுவும் கேட்டுடாத, மனசு ஒடைஞ்சுடுவாங்க. எனக்காகப் பொறுத்துக்க” என்று கையைப் பிடித்துக்கொள்வான். அந்தக் கையை உதற மனசு வராமலேதான் நாலு வருஷமும் ஓடிப்போயிற்று.

இன்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆராதனை முடிந்து எல்லோரும் போய்க் கொஞ்சினார்கள். எப்சியும் அந்தக் குட்டிக் காலைத் தொடக் கை நீட்டினாள். தாய்க்காரி சிரித்த முகம் மாறாமல் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. எப்சி மாமியாரின் கையைப் பிடித்து, கார்கள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

“அத்தை, இன்னைக்குச் சாயங்காலம் நான் கிளம்பறேன். காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு ரூம் காலியா இருக்கு, கேட்டுட்டேன்.”

“எதுக்கும்மா?”

“எதுக்கா? வாரா வாரம் என் வயித்தைச் சபையில வெச்சு ஏலம் போட்டுட்டு, எதுக்குன்னு கேக்கறீங்களே! அவர் நல்லவர், அவர் முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இனிமே உங்ககூட ஒரே வீட்ல என்னால மூச்சு விட முடியாது அத்தை.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மாமியார் பதிலுக்குக் கத்துவார், கத்தினால் கிளம்புவது சுலபம் என்று நினைத்திருந்தாள். சரோஜினி கத்தவில்லை, ஆலயப் படிக்கட்டையே பார்த்தபடி நின்றார்.

அங்கே ஜோஸ்வின் பாடகர் குழு அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, ஒரு பெரியவரிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தான். “எப்சியை ஜெபத்துல நினைச்சுக்கங்க அங்கிள்” என்று அவன் சொல்வது இங்கே வரை கேட்டது.

“போ எப்சி” என்றார் சரோஜினி. “தாராளமாப் போ. ஆனா என்னை வெறுத்துட்டுப் போகாத. அந்தப் பெட்டியில நான் ஒருநாளும் சீட்டுப் போட்டதில்ல.”

“பொய் சொல்லாதீங்க அத்தை. நீங்க இல்லன்னா வேற யாரு?”

சரோஜினி படிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெளிய சொன்னா செத்துடுவேன்னு மிரட்டினான். பெத்தவ, பயந்துட்டேன்.”

ஜோஸ்வின் இவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, படியிறங்கி வர ஆரம்பித்தான். சரோஜினி மருமகளின் காதருகே குனிந்தார்.

“அவனுக்குத்தான் பிள்ளை பிறக்காதுன்னு டாக்டர் சொன்ன வாரத்திலேர்ந்து, அவன்தாம்மா எழுதறான்.”