கடைசி பல்பு

சிங்கப்பூரின் காத்தோங் கடற்கரையில் மாலை வெயில் கறுப்பு மாரிஸ் மைனர் காரின் முதுகில் வழிகிறது. காருக்கு முன்னால் நிற்கும் சூசைநாதனின் முகத்தில்தான் இருட்டு. "பிளாஷ் இல்லாட்டி படத்துல காருதான் விழும் லா, மாப்பிள்ளை விழமாட்டாரு," என்கிறார் போட்டோக்கார ஆம்ப்ரோஸ். பெண்வீட்டுக்குப் போகவேண்டிய படம். ஒரு படத்துக்கு ஒரு பிளாஷ் பல்பு; இரண்டு எரிந்தாயிற்று. இரண்டு தடவையும் மாப்பிள்ளை தியானத்தில் இருந்தார். மிச்சம் ஒன்றே ஒன்று. "மூணு எண்ணுவேன், கண்ண மூடிடாதீங்க தம்பி. ஒண்ணு..." சூசைநாதன் மூச்சைப் பிடிக்கிறான். "ரெண்டு" என்னும்போதே பிளாஷ் பளீரென்று வெட்டுகிறது. பம்பர் மின்னுகிறது, மணலில் நண்டுகள் சிதறி ஓடுகின்றன. "அண்ணே, மூணு எங்கே?" "மூணுலதானே ரெண்டு தடவையும் மூடுனீங்க." "இப்ப திறந்திருந்துச்சா?" "கண்ணும் திறந்திருந்துச்சு, வாயும் திறந்திருந்துச்சு." சூசைநாதன் வெயிலில் காய்ந்த பானெட்டில் சாய்ந்து, ஆசை தீரக் கண் சிமிட்டுகிறான்.