பதினேழாம் எண்

“அம்மா, தாழ்ப்பாளப் போடு” என்றான் கான்ட்ராக்டர். அவனுடைய தாய் மறுபேச்சில்லாமல் போட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பதிவுகளைச் சேமித்துவைக்கும் அந்த அறையில் காப்பாளர் மட்டும்தான் இருந்தார். லேசில் வாயைத் திறக்கமாட்டார் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பேர் ‘பூட்டு’.

கான்ட்ராக்டர் கையிலிருந்த பத்திரிகையை மேஜைமேல் அறைந்தான். வீட்டில் அடிவாங்கும் நாற்பது பெண்களிடம் ஒரு பேராசிரியை எடுத்த பேட்டிகளைப் பற்றிய கட்டுரை. பேர் இல்லை, வயது இல்லை, அடிப்பவன் என்ன உறவு என்றுகூட இல்லை. வெறும் எண்கள்.

“பதினேழாம் நம்பர் பாத்தியா? ஈரத் துண்ட முறுக்கி அடிப்பானாம். சத்தம் வெளிய கேக்காம இருக்க டிவிய அலற விடுவானாம். என்னத்தான்யா சொல்றா! என்ன விட்டு ஓடிப்போனாளே, என் பொண்டாட்டி, அவதான். பேட்டியப் போடு. குரல எங்கம்மா அடையாளம் சொல்லுவாங்க. அப்புறம் அவ விலாசத்த எடு.”

“முடியாதுங்க. யாரு எந்த நம்பர்னு எனக்கே தெரியாது. நான் திறந்து பாத்ததே இல்ல.”

“பாஸ்வேர்டு தெரியும்ல?”

பூட்டுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கணினியின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதல் குத்தில் மூக்குக் கண்ணாடி உடைந்து கன்னத்தைக் கிழித்தது. இரண்டாவதில் நாற்காலியோடு மல்லாந்தார். கான்ட்ராக்டர் அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, வலது கையை மேஜை இழுப்பறைக்குள் திணித்து, காலால் உதைத்து மூடினான். விரல்கள் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

மகன் ஒவ்வொரு முறை கை ஓங்கியபோதும், கதவோரம் நின்ற தாய் இரண்டு கைகளாலும் தன் தலையை மூடிக்கொண்டாள்.

“சொல்லிடுங்க தம்பி” என்றாள். “உங்க உசுரு பெருசு. அவளுக்கு என்ன ஆனா என்ன?”

இப்படியும் ஒரு மாமியாரா என்று நினைத்தார் பூட்டு. வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, “சரி, போடறேன்” என்றார்.

இடது கையால் பாஸ்வேர்டைத் தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். தப்பு. பிடரியில் ஓர் அறை விழுந்தது. மூன்றாவது முறையும் வேண்டுமென்றே தப்பாகத் தட்டினார். திரை இருண்டது. மூன்று தப்புக்குக் கணினி தானே பூட்டிக்கொள்ளும், காவலாளிகள் அறையில் மணி அடிக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஏமாந்தது புரிந்ததும் கான்ட்ராக்டருக்கு வெறி தலைக்கேறியது. கீழே தள்ளி, விலா விலாவாக மிதித்தான். காவலாளிகள் கதவை உடைத்து உள்ளே வந்தபோது பூட்டுக்குப் பாதி நினைவுதான் இருந்தது. நான்கு பேர் சேர்ந்துதான் அவனை அமுக்கி, வெளியே இழுத்துப்போக முடிந்தது.

தாய் மட்டும் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையை நனைத்து அவர் முகத்தைத் துடைக்கப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

“போங்கம்மா. எத்தன தடவ கேட்டாலும் உங்க மருமகளக் காட்டிக் குடுக்க மாட்டேன்.”

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மகனின் கூச்சல் தூரத்தில் தேய்ந்து அடங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

“அவ ஒண்ணுமே பேசல தம்பி. அந்தப் பதினேழாம் நம்பர் நான்தான்.”