தனித்தனி முன்பதிவு

மேசை ஒன்றுதான் இருந்தது.

மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று அவள் அதைப் பார்த்தாள். நீளமாக, மெருகேற்றப்பட்டு, ஒரே ஒரு மேசை. அதன் நடுப்பகுதியில், தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி, அவர்.

மற்ற எல்லாவற்றையும் இருவரும் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். முந்தின நாள் தாராபுரத்திலிருந்து அவள் காலைப் பேருந்தில் வந்தாள். அவர் மாலையில் வந்தார். அறைகள் தனித்தனி. முன்பதிவும் தனித்தனி. மாடியில் அவள், கீழே அவர். குன்னூரில் யார் கேட்டாலும் அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

காலை உணவை மட்டும் ஓட்டல் போலக் கற்பனை செய்துவிட்டார்கள். மூலைக்கு ஒரு மேசை இருக்கும். இட்லி வரும். ஆளுக்கொரு செய்தித்தாளை விரித்துக்கொள்ளலாம்.

"நம்ம வீட்ல எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடணும்மா," என்றார் வீட்டுக்காரர் மெர்சி அம்மாள். "துரை கட்டின காலத்திலேருந்து அதான் வழக்கம். ஒரு ஜென்ட்ஸ், ஒரு லேடீஸ். மாத்தி மாத்தி உக்காருங்க. வெட்கப்படாதீங்க, யாரும் கடிக்க மாட்டாங்க."

விக்டோரியா காலத்து வீடு, இப்போது தங்கும் விடுதி. பாழடைந்து கிடந்ததை மெர்சி அம்மாள் பலகை பலகையாக மீட்டிருந்தார். சன்னலின் வண்ணக் கண்ணாடி, கணப்பு, கூரை விளிம்பின் மரவேலைப்பாடு. வழக்கத்தையும் சேர்த்தே மீட்டிருந்தார்.

பெங்களூர்த் தம்பதி ஏற்கெனவே அமர்ந்திருந்தார்கள். பெண்களுக்கென்று மிஞ்சிய நாற்காலி அவருக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் எழுந்து நின்றார். அவள் அமர்ந்த பிறகே அமர்ந்தார்.

"குட் மார்னிங், மேடம்."

மேடம்.

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். ரொட்டி கிழிந்தது.

"டீச்சருங்களா!"

வாசலில் ஒரு பெண். கழுத்தில் இன்னும் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு, பின்னால் புதுக் கணவன். ஹேமப்ரியா. எட்டாம் வகுப்பில் அவளிடம் வரலாறு படித்தவள். தாராபுரத்தில் அவள் வீட்டுக்கு நேரெதிர் வீடு ஹேமப்ரியாவின் தாய் வீடு.

"நீங்க எங்கீங் டீச்சர் இங்க? தனியாவா வந்தீங்க?"

"சும்மாதான். குளிரப் பாத்துட்டுப் போலாம்னு."

"ஐயோ, ஒரு போட்டோங்க டீச்சர். அம்மாகிட்டக் காட்டோணும். டீச்சரு ஊட்டிப் பக்கமெல்லாம் போறாங்கன்னா நம்பவே மாட்டாங்க."

அம்மா நம்புவார். நம்பிய கையோடு தெருவுக்கும் காட்டுவார். தெருவிலிருந்து அந்தப் படம் அவளுடைய மகனிடம் போகும்.

அவள் கணவர் மறைந்து நெடுநாளாயிற்று. பக்கத்தில் இருந்தவருடைய மனைவியும் இப்போது இல்லை. ஆயினும், இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவள் மகன் அவரிடம் சொல்லியிருந்தான். மரியாதையாகத்தான் சொன்னான். காபி கொடுத்துவிட்டுச் சொன்னான். அவர் அந்தக் காபியை முழுவதும் குடித்து, நன்றாயிருந்தது என்று கூறிவிட்டே வெளியேறினார்.

ஹேமப்ரியா அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். கைபேசியை உயர்த்தினாள். முகம் சுளித்தாள்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? டீச்சரோட மட்டும் ஒண்ணு."

"ஓ, சாரிம்மா. சாரி."

உடனே எழுந்துவிட்டார். கோப்பையை எடுத்தார். தட்டையும் எடுத்தார். மப்ளரின் முனை நாற்காலியில் சிக்கிக்கொண்டது. அதை விடுவித்தபடி மறுபடியும் சாரி என்றார். அதை நாற்காலியிடம் சொன்னாரா, அவளிடம் சொன்னாரா என்பது தெரியவில்லை.

தள்ளிப்போவது அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அவள் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் ஒன்று அவளிடம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வேலை வரவில்லை.

"உக்காருங்க."

மெர்சி அம்மாளின் கையில் தேநீர்க் கெண்டி அப்படியே நின்றது.

அவர் தட்டோடு நின்றார். வேண்டாம் என்பது போலத் தலையை மிகச் சிறிதாக அசைத்தார்.

"உங்களத்தான். உக்காருங்க."

அமர்ந்தார். நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக.

அவள் அவருடைய ஸ்வெட்டர் கையைப் பற்றித் தன் பக்கம் இழுத்தாள். இழுத்த பிறகும் விடவில்லை.

"ம். இப்ப எடு."

ஹேமப்ரியா அந்தக் கையைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் சற்றுத் தடுமாறி, பிறகு நிலைத்தது.

படம் விழுந்தது.

பெங்களூர்க்காரர் ஜாம் பாட்டிலை மிகுந்த அக்கறையுடன் மூடினார்.

"டீச்சர்... இத... அம்மாவுக்கு..."

அதற்கு மேல் கேட்க அந்தப் பெண்ணுக்குத் துணிவு வரவில்லை.

"குடு, பாக்கலாம்."

கைபேசி அவள் கைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். படத்தை விரல்களால் விரித்தாள். இரண்டு முகங்கள். நடுவே இடைவெளியில்லை. அழிக்க ஒரு தொடுதல் போதும். அழித்துவிடு என்று அவர் பார்வையாலேயே மன்றாடினார். அழித்தால் தானும் பார்க்காதது போலவே இருந்துவிடலாம் என்று ஹேமப்ரியாவும் காத்திருந்தாள்.

அவள் நிதானமாகப் பார்த்தாள்.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத அனுப்பாத, அம்மிணி."

அவர் மூச்சு விட்டார்.

"இன்னொண்ணு எடு. இதுல இவரு கண்ண மூடிட்டாரு."