கட்டுக்குள் இருந்த சர்க்கரை

"எனக்குத் தெரியாம எதையாவது தின்னிருப்பா டாக்டர். வேற காரணம் இருக்க முடியாது" என்றார் ஜெயகிருஷ்ணன்.

மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரண்டு அறை தள்ளி, தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் மனைவி கனகலக்ஷ்மி கிடந்தாள். காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் வியர்த்துக் கொட்டிச் சரிந்துவிட்டாள். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஆனாலும் இதயம் பாதி பலத்தில்கூட இயங்கவில்லை. இரண்டு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

பதினோரு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை. அவள் தட்டுக்கு ஜெயகிருஷ்ணன்தான் காவல். இரண்டு கரண்டிக்கு மேல் சோறு போனால் முறைப்பார். கல்யாண வீட்டில் அவள் இலையில் விழுந்த ஒப்பட்டுப் போளியை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொள்வார். "உன் நாக்குதான் உன்னைக் கொல்லப் போறது" என்று நாலு பேர் எதிரில் சொன்னதும் உண்டு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

டாக்டர் மதன் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால் பக்கத்துக்காரர். கோப்பைப் புரட்டிவிட்டு நிதானமாகத் தமிழிலேயே பேசினார்.

"அம்மா எதையும் திருட்டுத்தனமாத் தின்னலீங்க. மூணு மாசச் சர்க்கரைச் சராசரி ஆறரைதான். இவ்வளவு கட்டுப்பாடா இருக்கறவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கொழுப்பும் சரியாத்தான் இருக்குது."

"அப்புறம் எப்படி?"

ஆறு மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் அவர் பக்கம் திருப்பினார். சர்க்கரைக்கு நாலைந்து வரி கீழே ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தது. உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் எண். சர்க்கரை நோயாளிகளுக்குள் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும், அங்கே கொழுப்பு படியும், படிந்தது ஒருநாள் வெடித்து அடைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் அது நடக்கலாம் என்றார்.

ஜெயகிருஷ்ணன் அந்தத் தாளைப் பலமுறை கையில் எடுத்தவர்தான். சர்க்கரை வரியைத் தாண்டி அவர் கண் போனதில்லை.

"எதனாலன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். "ஆனா மூச்சுக்காகத் தொண்டைல குழாய் போடறப்ப வாயைப் பார்த்தோம். ஈறு முழுக்கச் சீழ். நாலஞ்சு பல்லு ஆடுது. வருசக்கணக்கான புண்ணு. அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும்."

ஜெயகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பே அவள் சொன்னாள், பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, கொஞ்சம் பாருங்கோ என்று. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், முதலில் சர்க்கரையைக் குறை, அதெல்லாம் தானாகச் சரியாகும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகும் இரண்டு முறை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். முறுக்கு, வேர்க்கடலை எதையும் தொடுவதில்லை. பரவாயில்லை, வாயைக் கட்டிவிட்டாளே என்று அவர் மெச்சிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நின்றிருந்த மகள் ஹம்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. இத்தனை வருசத்துல ஒரு தடவைகூடவா பல் டாக்டர்கிட்டக் காட்டலை?"

ஹம்ஸாதான் பதில் சொன்னாள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

"அம்மா கேட்டுண்டுதான் இருந்தா சார், டாக்டருக்குத்தான் நேரமில்லை. சரஸ்வதிபுரத்துல முப்பது வருஷமா பல் கிளினிக் வெச்சிருக்கறதே எங்கப்பாதான்."