வீடு என்று தட்டினால்

"ஓசியில கிடைக்கிறது ஒழுங்கா வேலை செய்யுமாடி?" என்றாள் அம்மா.

"ஜப்பான் போலீசுக்கு அவங்க மொழியில கடிதம் எழுத இந்த சாஃப்ட்வேர் போதும்மா. இப்பதான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். நாம அடிக்கடி எழுதற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கிட்டு, முதல் எழுத்துலயே எடுத்துக் கொடுக்கும்."

சின்னவள் தையல் ஆலை வேலைக்கு ஜப்பான் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. ஒரு போன்கூட இல்லை. அப்படி யாரும் வந்து சேரவில்லை என்று ஆலை எழுதிவிட்டது. அவளோடு அந்த மொழி படித்துத் தேர்வில் தோற்றதால் வீட்டிலேயே நின்றவள் பெரியவள்.

'வீடு' என்பதற்கான முதல் எழுத்தைத் தட்டினாள். அவர்களுடைய முகவரி முழுதாக வந்து நின்றது. கதவு எண், தெரு, மாடியில் இடப்பக்கம் என்பது வரை.

"நீ எழுதி வச்சியா?"

"இல்லம்மா. இதுதான் நான் தட்டின முதல் எழுத்து."

"எத்தனை தடவை எழுதினா இப்படி வரும்?"

"நூறு தடவையாவது எழுதணும்."

ஏதோ கோளாறு என்று பெரியவள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். அதே எழுத்தைத் தட்டினாள். இந்த முறை கதவு எண் மட்டும் வந்தது. சற்றுப் பொறுத்து, தெருவின் பெயர் மெல்ல வந்தது.

மீண்டும் நீக்கப் போன கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதடி. பாவம், சின்னவ திரும்ப முதல்லேருந்து எழுதணும்."